பையைக் காலி செய்த 'பை'



"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு. ஆனா காதல் கவிதை மட்டும் வேண்டாம், ஏற்கெனவே 14 வந்து குவிஞ்சு கிடக்கு" என்றார் நம் பேரவைச் செயலாளர். கவிதை எனக்கு வராது. ஆகவே எனக்கு நேர்ந்த இரண்டு நஷ்டங்களைப் பற்றி எழுதுகிறேன். இரண்டுக்கும் காரணம் ஆங்கிலத்தில் இரண்டே எழுத்தில் அடங்கிவிடும் குட்டி வார்த்தைகள். டு, பை, இன், ஆன், அட் என்று வரிசையாக நிற்குமே, அந்தப் பிரிப்பொசிஷன்கள்தான். முன்னிடைச்சொல் என்று இலக்கணப் புத்தகத்தில் போட்டிருப்பார்கள். அந்தப் பாடம் வந்தாலே கடைசி பெஞ்சில் தூக்கம் வரும். எனக்கும் வந்தது. தூங்கியதற்கு நான் கொடுத்த விலையைக் கேளுங்கள்.

முதல் நஷ்டம் லேத்தில். இரண்டாம் ஆண்டு வொர்க்‌ஷாப். ஆளுக்கு ஒரு 32 மி.மீ. டயா கம்பி கொடுத்துவிட்டு, செய்ய வேண்டியதைப் போர்டில் நாலு வரி ஆங்கிலத்தில் எழுதிப் போட்டார் சார். அதில் ஒரு வரி, "ரெட்யூஸ் த டயாமீட்டர் டு 20 மி.மீ." என்று இருந்தது. நான் எப்படிப் படித்தேன் தெரியுமா? ரெட்யூஸ் என்றால் குறை. டயாமீட்டர் என்றால் விட்டம். எவ்வளவு? 20 மி.மீ. ஆக விட்டத்தில் 20 மி.மீ. குறைக்க வேண்டும்! நடுவில் நின்ற 'டு' என் கண்ணிலேயே படவில்லை. கண்ணில் பட்டாலும் அதற்கு ஒரு வேலை இருக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்காது.

கம்பி சுற்றுவதால் டூல் 1 மி.மீ. உள்ளே போனால் விட்டத்தில் 2 மி.மீ. குறையும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். 32-ஐ 20-க்குக் கொண்டுவர மொத்தம் 6 மி.மீ. உள்ளே போயிருந்தால் போதும். நான் கர்மசிரத்தையாகக் கணக்குப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக 10 மி.மீ. போனேன். வெர்னியர் வைத்துப் பார்த்தால் 12 மி.மீ. துல்லியமாக வந்திருந்தது! பெருமையோடு சாரிடம் நீட்டினேன். அவர் பக்கத்துப் பையனின் வேலையை ஒரு கையில் எடுத்தார், என்னுடையதை இன்னொரு கையில் பிடித்தார். "இங்க பாரு, இது 'டு'. நீ செஞ்சிருக்கறது 'பை'. ரெண்டும் ஒண்ணா?" என்றார். ஷெட்டே சிரித்தது. 20-க்குக் குறை என்றால் 'டு'. 20 குறை என்றால் 'பை'. குறைத்த இரும்பை ஒட்டவைக்க முடியுமா? அந்தக் கம்பி ஸ்கிராப் பெட்டிக்குப் போனது. அன்றைய மார்க்கும் கூடவே போனது.

சரி, ஒரு கம்பிதானே என்று விட்டுவிட்டேன். புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை. போன ஆகஸ்டில் இரண்டாவது அடி விழுந்தது.

என் அப்பா கட்டட வேலையில் கம்பி கட்டுபவர். அம்மா நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போகிறவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஓர் அறக்கட்டளை டிப்ளமா மாணவர்களுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை தருவதாக நோட்டீஸ் போர்டில் ஓர் ஆங்கில அறிவிப்பு ஒட்டியிருந்தது. தகுதிகள் எல்லாம் எனக்காகவே எழுதியதுபோல் இருந்தன. கடைசி வரியில், விண்ணப்பம் அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும், 'பை ட்வென்டியத் ஆகஸ்ட்' என்று இருந்தது. பை என்றால் 'ஆல்' என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். பாரதியால் எழுதப்பட்டது, கொத்தனாரால் கட்டப்பட்டது. 20-ஆம் தேதியால் என்றால் என்ன அர்த்தம்? ஒன்றும் விளங்கவில்லை. '20-ஆம் தேதி வாக்கில்' என்று இருக்கும்போல என நானே முடிவு செய்துகொண்டேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். மூன்றாம் வருஷம் படிக்கிறவன் இரண்டெழுத்து வார்த்தைக்கு அர்த்தம் கேட்பதா என்று வெட்கம்!

வருமானச் சான்று, மார்க் ஷீட் நகல் எல்லாம் சேர்த்துக்கொண்டு 22-ஆம் தேதி போய் நின்றேன். அங்கிருந்த பெரியவர் கோபப்படக்கூட இல்லை. "பை ட்வென்டியத்னா 20-ஆம் தேதிக்குள்ளன்னு அர்த்தம் தம்பி. லிஸ்ட் நேத்தே அனுப்பியாச்சு" என்றார். அவர்மேல் குற்றம் இல்லை. அறிவிப்பு சரியாகத்தான் இருந்தது. படித்தவன்தான் சரியில்லை. அந்தப் பருவக் கட்டணத்துக்கு அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது. 'பை' தெரியாமல் என் பை காலியானது என்று இப்போது வேடிக்கையாக எழுதுகிறேன். அன்றைக்கு அம்மா தோட்டைக் கழற்றிவிட்டுக் காதில் வேப்பங்குச்சி செருகிக்கொண்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகுதான் யோசித்தேன். நாம் என்ன மொழி அறிவே இல்லாத பிள்ளைகளா? இல்லவே இல்லை! இந்தச் சின்னச் சொற்கள் செய்கிற வேலையைத் தமிழில் வேற்றுமை உருபுகள் செய்கின்றன. ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று பத்தாம் வகுப்புக்குள் படித்தோமே, அவைதான். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வேற்றுமையியல் என்று ஒரு இயலே வைத்தார். அது போதாதென்று, ஒரு வேற்றுமை இன்னொன்றின் இடத்தில் மயங்கி வருவதற்கு வேற்றுமை மயங்கியல் என்று தனியாக இன்னொரு இயலும் வைத்தார். அவ்வளவு பெரியவரே இரண்டு இயல் ஒதுக்கிய விஷயம் இது. சின்ன விஷயம் என்று நாம் எப்படித் தள்ளுவது?

'அண்ணனுக்கு நூறு ரூபாய் வாங்கிட்டு வா' என்பதும், 'அண்ணனிடம் நூறு ரூபாய் வாங்கிட்டு வா' என்பதும் ஒன்றா? மாறியது ஓர் உருபுதான். ஆனால் பணம் போகிற திசையே மாறிப்போச்சு! என் பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனாலும் இந்த இரண்டையும் அவர் ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை. தமிழில் உருபு சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அதே வேலையாள் முன்னால் தனியாக நடந்து வருகிறான். தனியாக வருவதால் அவனை நாம் ஆளாகவே மதிப்பதில்லை. பெரிய வார்த்தைகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு ஓடுகிறோம். நான் லேத்தில் செய்தது அதுதான்.

அடுத்த சிக்கல், ஒன்றுக்கு ஒன்று என்று அர்த்தம் மனப்பாடம் செய்வது. இன் என்றால் 'இல்', ஆன் என்றால் 'மேல்', பை என்றால் 'ஆல்' என்று ஒரு பட்டியல் நம் எல்லோர் நோட்டிலும் உண்டு. இந்தப் பட்டியல்தான் நம்மைக் கவிழ்க்கிறது. டப்பாவில் இருக்கிறது, சுவரில் மாட்டியிருக்கிறது, வாசலில் நிற்கிறான். தமிழில் மூன்றுக்கும் ஒரே 'இல்'. ஆங்கிலக்காரனோ டப்பாவுக்கு இன், சுவருக்கு ஆன், வாசலுக்கு அட் என்று மூன்றாகப் பிரிக்கிறான். உள்ளே அடங்கியிருக்கிறதா, பரப்பைத் தொட்டுக்கொண்டு இருக்கிறதா, ஓர் இடத்தை வெறும் புள்ளியாகக் குறிக்கிறோமா என்று பார்க்கிறான். இன்ஜினியரிங் டிராயிங் படிக்கிற நமக்கு இது புதுசா? புள்ளிக்கு அட், தளத்துக்கு ஆன், கன அளவுக்கு இன்! நேரத்துக்கும் ஏறக்குறைய இதே கதைதான். 9 மணி ஒரு புள்ளி, அதற்கு அட். திங்கட்கிழமைக்கு ஆன். ஜூன் மாதம் நம்மை உள்ளே வைத்துக்கொள்கிற பெரிய டப்பா, அதற்கு இன்.

எல்லாமே இந்தச் சூத்திரத்தில் அடங்கிவிடும் என்று சொல்லமாட்டேன். காரில் போவது இன், பஸ்ஸில் போவது ஆன். இங்கெல்லாம் காரணம் தேடி மண்டையை உடைத்துக்கொள்வதைவிடப் பழகிக்கொள்வது மேல். இன்னும் கேளுங்கள். வார இறுதி என்பதற்கு இங்கிலாந்தில் 'அட் த வீக்கெண்ட்' என்கிறார்கள், அமெரிக்காவில் 'ஆன் த வீக்கெண்ட்' என்கிறார்கள். படிவத்தைப் பூர்த்தி செய்வது அங்கே 'ஃபில் இன்', இங்கே 'ஃபில் அவுட்'. அவர்களுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம்! நாம் தடுமாறுவதில் அவமானம் ஒன்றும் இல்லை. தடுமாறியதை மறைப்பதில்தான் நஷ்டம்.

நம் ஹாஸ்டலில் தினமும் காதில் விழுகிற சில தவறுகளைச் சொல்கிறேன். எல்லாம் நானும் செய்தவைதான்.

'டிஸ்கஸ் அபௌட் த ப்ராஜெக்ட்' என்கிறோம். தமிழில் 'பற்றி' வருகிறதே என்று அபௌட் போடுகிறோம். டிஸ்கஸ் என்ற சொல்லுக்குள்ளேயே அந்தப் 'பற்றி' இருக்கிறது. 'டிஸ்கஸ் த ப்ராஜெக்ட்' என்றால் போதும்.

'ஹி இஸ் ஆங்ரி ஆன் மீ' என்கிறோம். நமக்குக் கோபம் ஒருவர் 'மேல்' வரும். ஆங்கிலத்தில் 'வித்' வரும்.

'ஐ ஆம் குட் இன் டிராயிங்' என்று இன்டர்வியூவில் சொல்கிறோம். டிராயிங்கில் கெட்டிக்காரன் என்பதை அப்படியே பெயர்த்த தப்பு. 'குட் அட்' என்பதுதான் வழக்கு.

'சின்ஸ் டூ இயர்ஸ்' என்கிறோம். இரண்டு வருஷமாக என்று கால அளவு சொன்னால் ஃபார். 2023-லிருந்து என்று தொடங்கிய புள்ளியைச் சொன்னால் சின்ஸ்.

'சீனியர் தேன் மீ' என்கிறோம். என்னை'விட' என்று தமிழில் வருவதால் தேன் போடுகிறோம். அங்கே வர வேண்டியது 'டு'.

இதெல்லாம் பேச்சில் வருவது. தப்பாகச் சொன்னாலும் எதிராளி புரிந்துகொள்வார், தலை போகாது. ஆனால் நம் தொழிலில் தப்பாகப் படித்தால் நிலைமை வேறு. எலக்ட்ரிக்கல் நண்பர்களைக் கேளுங்கள். அம்மீட்டரை லோடுக்கு 'இன் சீரீஸ் வித்' இணைக்க வேண்டும், வோல்ட்மீட்டரை லோடுக்கு 'அக்ராஸ்' இணைக்க வேண்டும். அம்மீட்டரின் மின்தடை மிகக் குறைவு. அதைச் சப்ளைக்கு அக்ராஸ் கொடுத்தால் ஃபியூஸ் போகும், இல்லையென்றால் மீட்டரே போகும். நம் மெக்கானிக்கலில் 'த்ரூ' என்றால் தகட்டைத் துளைத்து அந்தப் பக்கம் வர வேண்டும். 'டு எ டெப்த் ஆஃப் 10 மி.மீ.' என்றால் 10 மி.மீ. ஆழத்தோடு டிரில்லை நிறுத்த வேண்டும். கிரேன் ஷெட்டில் தொங்கும் சுமைக்கு 'அண்டர்' நிற்காதே என்று போர்டு இருக்கும். அந்த ஒரு வார்த்தையை விட்டுவிட்டுப் படிப்பவனை நினைத்துப் பாருங்கள். இங்கே பிரிப்பொசிஷன் மார்க்குக்காக இல்லை, உயிருக்காக.

அப்படியானால் இதை எப்படிக் கற்பது? இதற்குப் பதில் எனக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை. என் அப்பாவிடம் கிடைத்தது.

தீபாவளி லீவில் கைச்செலவுக்காக அப்பாவோடு சைட்டுக்குப் போனேன். ஒரு ஸ்லாபுக்குக் கம்பி பரப்பிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி, "ஆறு இஞ்ச் சென்டர் டு சென்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார். புதிதாக வந்த ஒரு பையன் இரண்டு கம்பிக்கு நடுவே இருந்த இடைவெளியை ஆறு இஞ்ச் அளந்து வைத்துக்கொண்டே போனான். அப்பா பார்த்துவிட்டார். "டேய், சந்த அளக்காத. சென்டர் டு சென்டர்னா இந்தக் கம்பி நடுவுலேர்ந்து அந்தக் கம்பி நடுவுக்கு" என்று டேப்பைப் பிடுங்கி வைத்துக் காட்டினார்.

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஆறு இஞ்ச் சுமார் 150 மி.மீ. கம்பி 10 மி.மீ. சந்தை அளந்து வைத்தால் 150 என்பது 160 ஆகிவிடும். 3 மீட்டர் நீளத்தில் 20 இடைவெளி வர வேண்டிய இடத்தில் 19-கூட முழுசாக வராது. ஒரு கம்பிக்கு மேல் குறைகிறது! அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆங்கிலத்தில் ஏ, பி, சி, டி தாண்டி எழுதத் தெரியாது. 'டு' என்பது பிரிப்பொசிஷன் என்று சொன்னால், "அப்படின்னா?" என்று கேட்பார். ஆனால் எந்த 'டு'-வைப் பார்க்காமல் நான் கம்பியை வீணாக்கினேனோ, அதே 'டு'-வை அவர் 25 வருஷமாகத் தப்பில்லாமல் கையாள்கிறார். எப்படி? அவர் அதைப் பட்டியலில் படிக்கவில்லை. கையில் கம்பியோடும் டேப்போடும் சேர்த்துப் படித்தார். 'சென்டர் டு சென்டர்' என்பது அவருக்கு மூன்று வார்த்தை இல்லை, ஒரு வேலை.

நண்பர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். பிரிப்பொசிஷனைத் தனியாகப் படிக்காதீர்கள். அது எந்த வார்த்தையோடு, எந்த வேலையோடு வருகிறதோ அதோடு சேர்த்துப் படியுங்கள்.

"மெஷினுக்கு இங்கிலீஷும் தெரியாது, தமிழும் தெரியாது. உனக்கு எதுக்குடா இந்தக் கவலை?" என்று என் ரூம்மேட் கேட்கிறான். மெஷினுக்குத் தெரியாது, சரி. மெஷினோடு வரும் புத்தகமும், எச்சரிக்கைப் பலகையும், அப்பாயின்ட்மென்ட் ஆர்டரும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தானே இருக்கின்றன? "செல்லுல மொழிபெயர்ப்பு போட்டுக்கலாமே" என்பான் இன்னொருவன். போடலாம், நானும் போடுகிறேன். ஆனால் ஓடுகிற லேத் முன்னால் செல்லை எடுக்க முடியுமா? அது தருகிற தமிழ் சரியா தப்பா என்று பார்க்கவும் நமக்குக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டுமே!

ஆங்கிலம் தெரிந்தவன் உசத்தி, தெரியாதவன் மட்டம் என்று நான் சொல்லவரவில்லை. அப்படி யாராவது சொன்னால் என் அப்பாவை அந்த சைட்டுக்கு வந்து பார்க்கச் சொல்வேன். கையிலுள்ள வெர்னியர் மாதிரி ஆங்கிலமும் ஒரு கருவி. கருவி என்றால் சரியாகப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன்.

ஒன்று, ஆங்கில ஆசிரியர்களுக்கு. கோடிட்ட இடத்தை நிரப்புக என்று ராமுவும் சோமுவும் பூங்காவுக்குப் போகும் வாக்கியங்களோடு, எங்கள் ஜாப் ஷீட்டையும் லேப் மேனுவலையும் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். லேத் முன்னால் நின்று 'டு'-வையும் 'பை'-யையும் ஒரு தரம் காட்டினால் ஆயுசுக்கும் மறக்காது. எனக்கு மறக்கவில்லையே!

இரண்டு, நம் மாணவர் பேரவைக்கு. கடைசித் தேதி உள்ள எந்த ஆங்கில அறிவிப்பு போர்டுக்கு வந்தாலும், அதன் கீழே '20-ஆம் தேதிக்குள்' என்று ஒரு வரி தமிழில் எழுதி ஒட்டுங்கள். ஒரு துண்டுத் தாளும் பசையும்தான் செலவு. என்னைப் போல் இன்னொருவன் 22-ஆம் தேதி போய் நிற்கமாட்டான்.

மூன்று, நமக்கு. சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். டிபெண்ட் என்று எழுதாமல் 'டிபெண்ட் ஆன்' என்று எழுதுங்கள். கன்சிஸ்ட் என்று எழுதாமல் 'கன்சிஸ்ட் ஆஃப்' என்று எழுதுங்கள். வாரத்துக்குப் பத்து போதும். முதலாண்டுத் தம்பி தங்கைகளே, சந்தேகம் வந்தால் கேட்டுவிடுங்கள். கேட்பதால் போகிற மானம் ஒரு நிமிஷம்தான். கேட்காததால் எங்கள் வீட்டில் என்ன போனது என்று மேலே படித்தீர்கள்.

கடைசியாக ஒன்று. போன வாரம் ஊருக்குப் போனபோது அம்மா அடகுக் கடை ரசீதை நீட்டி, "எப்பத்துக்குள்ள மீட்கணும்னு பாத்துச் சொல்லு கண்ணு" என்றார். பின்பக்கம் பொடி எழுத்தில் ஆங்கிலம். விரல் வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன். 'விதின் ஒன் இயர் ஃப்ரம் த டேட் ஆஃப் லோன்' என்று இருந்தது. விதின் என்றால் அதற்குள். ஃப்ரம் என்றால் கடன் வாங்கிய நாளிலிருந்து. முதலில் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, பிறகு அம்மாவிடம் தமிழில் சொன்னேன்: "செப்டம்பர் 4-ஆம் தேதிக்குள்ளம்மா. ஜூன்ல நான் வேலைக்குப் போயிடுவேன். மீட்டுடலாம்."

இந்த முறை தேதியைத் தப்பாகப் படிக்கவில்லை என்று நிச்சயமாகச் சொல்வேன். இரண்டு பேரிடம் கேட்டுச் சரிபார்த்துவிட்டேன்!



அன்புடன்,
மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்